ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆனால் சிலர் மட்டும் ஏன் பாதியில் காணாமல் போகிறார்கள்?

முதலாண்டுக் கணக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் ஒரு விஷயம், இங்கே கல்வித்துறையில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் சேரும்போது ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு வருகிற பிள்ளைகள்தான். அறை ஒன்று, பாடம் ஒன்று, நடத்துவதும் நான் ஒருவன்தான். ஆனால் முதல் பருவம் முடிவதற்குள் ஒரு கூட்டம் சமாளித்து மேலே வந்துவிடுகிறது, இன்னொரு கூட்டம் முதலில் கடைசி வரிசைக்குப் போய், அப்புறம் வாரம் ஒரு நாள் வந்து, அப்புறம் வருவதையே நிறுத்திவிடுகிறது. அறிவில் குறைந்தவர்கள் என்று சொல்லவே முடியாது. அவர்களில் சிலர் முதல் வாரத்தில் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

எங்களிடம் ஆலோசனை மையம் இருக்கிறது, மாலையில் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு இருக்கிறது, நூலகம் இரவு வரை திறந்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள், தொண்ணூறைத் தொண்ணூற்றைந்து ஆக்க வருகிறவர்கள். யாருக்காக வைத்தோமோ அவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்த ஆண்டு இதற்கென்று கொஞ்சம் பணமும் முழுநேரமாக ஒரு ஆளும் தருகிறோம், எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுங்கள் என்று துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். கூடுதல் டியூஷனா, மென்டர் மாதிரி ஏதாவதா, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதா? அன்பும் அரவணைப்பும் வேண்டும் என்கிற மாதிரி பதில் வேண்டாம், அது எனக்கும் தெரியும். எங்கே எதைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோப்பும் கையும் எழுதியது:

மாணவர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன எல்லா வசதிக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது சார். மாணவன்தான் எழுந்து வர வேண்டும். தனக்கு உதவி தேவை என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அது எந்த அறையில் கிடைக்கும் என்று தெரிய வேண்டும், போய்க் கேட்டால் மட்டமாக நினைக்க மாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும். இந்த மூன்றும் இருக்கிறவன் பாதிக் கிணறு தாண்டியவன். மிச்சப் பேருக்கு நீங்கள் வைத்திருக்கும் மையம் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

முதலில் பழைய கதை ஒன்று. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் அமெரிக்க அரசுக்காக ஒரு பெரிய ஆய்வு நடந்தது, சுமார் 6 லட்சம் மாணவர்கள். கட்டடம், ஆய்வகம், புத்தகம், செலவு இவற்றில் பள்ளிக்குப் பள்ளி இருக்கும் வித்தியாசம்தான் மதிப்பெண்ணிலும் தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார்கள். வந்த முடிவோ, குடும்பப் பின்னணியும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் அதைவிட அதிகம் தீர்மானிக்கிறார்கள் என்பது. கணக்கிட்ட முறை சரியா என்று அறிஞர்கள் அதன்மேல் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள், அது தனிக் கதை. ஆனால் நிறையப் பேர் அதைப் படித்துவிட்டு, "அப்போ வீடு சரியில்லை என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது" என்று கை கழுவிவிட்டார்கள். வீடு கொடுக்கிறதை வீட்டுக்கு வெளியே ஒருவர் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும்.

அதைக் கேட்டுப் பார்த்த இடம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். அங்கே இரண்டு ஆண்டுப் பட்டம் தரும் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் ஏசாப் (ASAP) என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போக மீதி நிற்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள், பாடப்புத்தகம் தருவார்கள், தனிப் பயிற்சி, வேலைவாய்ப்பு ஆலோசனை, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பயண அட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆலோசகர். இங்கே கவனியுங்கள்: வழக்கமான ஆலோசகர் ஒருவர் தலையில் 600இலிருந்து 1,500 மாணவர்கள் வரை இருந்தார்கள். ஏசாப் ஆலோசகரிடம் 60இலிருந்து 80 பேர். பெயர் தெரியும், முகம் தெரியும், எந்தப் பாடத்தில் இடறுகிறான் என்று தெரியும். அந்தப் பயண அட்டை இருக்கிறதே, அது திட்டத்தில் ஒழுங்காகப் பங்கெடுத்தால்தான் கிடைக்கும். அட்டைக்காக வருகிறவன் அப்படியே ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவான். தனக்குப் பிரச்சினை இருக்கிறது என்று அவன் ஒப்புக்கொள்ளவே வேண்டியதில்லை. நான் பார்த்ததில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு வேறு இல்லை.

குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், அடிப்படைப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கியவர்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வழக்கமான வழியில் 22 சதவீதம். நியூயார்க் வேறு உலகம் என்று யாராவது சொல்வார்கள் என்றுதான் ஒஹாயோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகளிலும் செய்து பார்த்தார்கள். அங்கே திட்டத்தில் 35 சதவீதம், வழக்கமான வழியில் 19 சதவீதம். இதில் புத்தகம் எவ்வளவு வேலை செய்தது, ஆலோசகர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, மொத்தமாகத்தான் சோதித்தார்கள். என் கணிப்பைக் கேட்டால் ஆலோசகருக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும். அமெரிக்காவில் வரிக் கணக்குப் போட்டுக்கொடுக்கும் அலுவலகங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள், 2012இல் வெளியானது. கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் அங்கே பெரிய தலைவலி, கேள்வி மேல் கேள்வி. வரிக் கணக்குக்கு வந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்கு, கையில் இருக்கும் அதே விவரங்களை வைத்து அந்த விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள், சில நிமிட வேலை. இன்னொரு பகுதிக்கு "உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும், விண்ணப்பியுங்கள்" என்று கணக்குப் போட்டுச் சொல்லி அனுப்பினார்கள். நிரப்பிக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து முடித்தவர்கள் 28இலிருந்து 36 சதவீதம் ஆனார்கள். சொல்லி மட்டும் அனுப்பிய குடும்பங்களில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே நோட்டீஸ், விழிப்புணர்வுக் கூட்டம், கையேடு இதற்கெல்லாம் செலவு செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தரும் அந்த ஒரு ஆளை எல்லாருக்கும் பொதுவாக உட்கார வைக்க வேண்டாம். எண்பது பேரைப் பிரித்துக் கொடுங்கள். அந்த எண்பது பேரைத் தேடிப் போவதுதான் அவர் வேலை என்று எழுதிக் கொடுங்கள்.


முதல் பட்டம் எழுதியது:

மேலே எழுதியதில் அந்த "கேட்கத் தைரியம்" என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அந்தக் கடைசி வரிசைதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம், எங்களுக்குப் பாடம் புரியாதது பெரிய பிரச்சினையாக இருக்காது. ஒரு பாடத்தை விட்டுவிட்டால் திரும்ப எழுத முடியுமா, வருகை குறைந்தால் யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும், பேராசிரியரை அவர் அறையில் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் என்ன பேசுவது, இது எதுவும் தெரியாது. மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு போன் போட்டால் அக்காவோ மாமாவோ சொல்லிவிடுவார்கள். என் அம்மாவுக்குப் போன் போட்டால் "நல்லாப் படிப்பா" என்பார், அவருக்கு அதற்குமேல் என்ன தெரியும்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் குரல் எனக்குத் தேவைப்பட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்ப முடியாது.

உதவித்தொகையைப் புதுப்பிக்க ஒரு கடைசித் தேதி உண்டு. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்களாம். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை, அங்கே எப்போதும் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பார்கள். துறை அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார்கள், ஆலோசகர் எல்லாம் இல்லை, கடிதங்களுக்கு எண் போட்டு அனுப்பும் வேலை. நீளமான ஒரு நோட்டில் உதவித்தொகைக்காரர்கள் பெயரை எல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள், வந்து கொடுத்தவர் பெயருக்கு எதிரே டிக். தேதி நெருங்கியதும் டிக் இல்லாத பெயர்களை எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்கள். என்னை வெளியே கூப்பிட்டு, திட்டவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. படிவத்தை ஜன்னல் விளிம்பில் வைத்து, "இங்கே எழுது, இங்கே எழுது, இதை விட்டுவிடு, இது உனக்குக் கிடையாது" என்று விரலை வைத்துக் காட்டினார்கள். அந்த "விட்டுவிடு" எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? அந்தக் காலியிடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழுப் படிவத்தையும் மடித்துப் பைக்குள் வைத்திருந்தவன் நான்.

அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் அடுத்த பருவமே வேலைக்குப் போயிருப்பேன். பதிவேட்டில் "படிப்பில் ஆர்வமின்றி இடைநின்றார்" என்று இருந்திருக்கும்.

இன்னொன்று சார், உங்கள் மாலை வகுப்பின் பெயர் என்ன? "பின்தங்கியோர் சிறப்பு வகுப்பு" என்கிற மாதிரி ஏதாவது என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். நான் போயிருக்க மாட்டேன்.


நேருக்கு நேர் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினெட்டு வயது ஆளைத் தேடிப் போய், படிவம் நிரப்பிக் கொடுத்து, பஸ் அட்டை கொடுத்து வரவழைத்து, இப்படி எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் வெளியே போய் வேலையில் என்ன செய்வான்? தெருவிளக்கில் படித்து மேலே வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு எந்த மையம் இருந்தது? ஆர்வம் இருக்கிறவனுக்கு வழி கிடைக்கும், இல்லாதவனுக்கு ஆயிரம் ஆலோசகர் வைத்தாலும் வீண். பணத்தை நல்ல ஆசிரியர்களுக்குச் செலவு செய்யுங்கள், வகுப்பு நன்றாக இருந்தால் மாணவன் தானாக உட்காருவான்.

அப்புறம், உதவிக்கு வரும் அந்த "ஒரு ஆள்" அடுத்த ஆண்டு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால்? அவரையே நம்பியிருந்த எண்பது பேரும் அம்போ.


கரும்பலகை எழுதியது:

நேருக்கு நேர் சாரின் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன். தெருவிளக்குக் கதைதான் எனக்கு ஒத்துவராது. அதே விளக்குக்கடியில் அவர்களோடு உட்கார்ந்து படித்து, மேலே வராமல் போனவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. வந்தவரை மட்டும் மேடையேற்றிப் பேச வைத்தால், விளக்கே போதும் என்றுதான் தோன்றும்.

ஆர்வம் என்று சொன்னீர்கள். நானும் கணக்கு வாத்தியார்தான் என்பதால் எங்கள் துறைக்கே நெருக்கமான ஒரு விஷயம் சொல்கிறேன். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். பேராசிரியர்களிடம் கேட்டால் ஆர்வம் இல்லை, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வசதி இல்லை என்று நீங்கள் சொன்ன அதே பட்டியல் வந்தது. அவர் அதை நம்பிவிடாமல், இருபது கறுப்பின மாணவர்களையும் நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் தங்கும் இடம், நூலகம் என்று கூடவே போய் மாதக்கணக்கில் பார்த்தார்.

பட்டியலில் இருந்த ஒன்றும் நிற்கவில்லை. ஆர்வம் இருந்தது, வீட்டில் ஊக்கம் இருந்தது, உழைப்பும் இருந்தது. பாடத்துக்கு வாரம் எட்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொன்னால் எட்டு மணி நேரம் படித்தார்கள், ஆனால் தனியாக. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. விடை தப்பாக வந்தால், தான் கூட்டலில் தவறினோமா, கருத்தே புரியவில்லையா, இல்லை கணக்கே கஷ்டமானதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மற்ற குழு அதே எட்டு மணி நேரத்தைத் தனியாகப் படித்துவிட்டு, அதற்குமேல் சில மணி நேரம் கூடி உட்கார்ந்தது. விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒருவனுக்கு வந்தது மற்றவனுக்கு ஏன் வரவில்லை என்று தோண்டுவது, எவனுக்குமே வரவில்லை என்றால் கணக்கு கஷ்டம்தான் போலிருக்கிறது என்று நிம்மதியாவது. அந்தக் கடைசி விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். தனியாக இருக்கிறவன் அதே கணக்கில் மாட்டிக்கொண்டால் "நான் இதற்கு லாயக்கில்லை" என்று முடிவு கட்டிவிடுவான்.

அதிலிருந்து அவர் ஒரு பயிலரங்கு தொடங்கினார். முதல் பட்டம் கேட்டாரே பெயர் என்ன என்று, அதேதான் விஷயம். ட்ரைஸ்மன் அதைப் பின்தங்கியோருக்கான வகுப்பாக வைக்கவில்லை. சிறப்பாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கான வகுப்பு என்று அழைத்தார். வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைச் சிறு குழுக்களுக்குக் கொடுத்து, நடத்துகிறவர் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு சுற்றிவந்தார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி நன்றாக உயர்ந்தது, பிறகு பல பல்கலைக்கழகங்கள் அதை எடுத்துக்கொண்டன.

அதனால் உங்கள் மாலை வகுப்பைச் சந்தேகம் தீர்க்கும் வகுப்பாக வைக்காதீர்கள். சந்தேகம் என்ன என்றே சொல்லத் தெரியாதவனிடம் "சந்தேகம் கேள்" என்றால் எப்படி? நாலைந்து பேர், ஒரு மேஜை, ஒரு முரட்டுக் கணக்கு. அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

இனி அந்த ஆள் போய்விட்டால் என்ற கேள்வி. வழிகாட்டிகளைப் பற்றி 2002இல் வந்த ஒரு ஆய்வு இதைத்தான் பார்த்தது. வளரிளம் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் திட்டம். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருந்தது, அதாவது தொடங்காமலே இருந்திருந்தால் நல்லது என்கிற நிலை. ஆகவே பருவத்துக்கு ஒரு தற்காலிக ஊழியர் என்று போடாதீர்கள், இரண்டு ஆண்டாவது இருப்பார் என்று தெரிந்தவரைப் போடுங்கள். குழுவாகப் படிக்கும் பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டால், அவர் போனாலும் அந்த நாலைந்து பேர் ஒருவருக்கொருவர் இருப்பார்கள்.


ரெண்டு பிள்ளைக்காரி எழுதியது:

கல்லூரி பற்றி எனக்குத் தெரியாது, என் பிள்ளைகள் இன்னும் பள்ளியில்தான். ஆனால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

கூப்பிடுங்கள், ஆனால் "உங்கள் பிள்ளை படிக்கவில்லை, கவனியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாங்கள் செய்வது ஒன்றுதான், பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க்கில் கத்துவது. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய ஐம்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2009இல் வந்தது. பெற்றோர் செய்கிறவற்றில் பிள்ளையின் படிப்போடு அதிகம் ஒட்டியிருந்தது, படிப்பு எதற்கு, இது உன் வாழ்க்கையில் எங்கே வரும், அடுத்து என்ன செய்யலாம் என்று வீட்டில் பேசுவது. ஹோம்வொர்க்கில் உதவுவதோ நேர்மாறாக இருந்தது, உதவ உதவ மதிப்பெண் குறைவு. ஏற்கெனவே திணறும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், உதவியதால்தான் கெட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இப்போது என் வேலை, ஒன்பது மணிக்கு மேல் போனை வாங்கி வைப்பதும், காலையில் தூங்கி வழியாமல் கிளம்புகிறார்களா என்று பார்ப்பதும்தான்.

எங்களுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள், அது உதவும். பிலடெல்பியாவில் பிள்ளை இந்த ஆண்டு மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள், 28,000க்கும் அதிகமான வீடுகள். தன் பிள்ளை எடுத்த விடுப்பைப் பெற்றோர் உண்மையைவிடக் குறைத்தே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதம் போன வீடுகளில், அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தார்கள். திட்டாத கடிதம், வெறும் எண்ணிக்கை. இரண்டு நாள் தலைவலி, ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் மழை என்று தனித்தனியாகத்தானே நமக்கு ஞாபகம் இருக்கும், கூட்டிப் பார்ப்பது யார்?

இன்னொரு சின்ன விஷயம், கண்ணைப் பாருங்கள். நான் கிண்டல் செய்யவில்லை. சீனாவில் கிராமப்புறப் பள்ளிகளில் பார்வைக் குறை இருந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்ததில் கணக்கு மதிப்பெண் ஏறியது. கொடுத்ததை எல்லாப் பிள்ளையும் போட்டுக்கொண்டதும் இல்லை, அப்படியும் ஏறியது. கடைசி வரிசைக்குப் போகிறவன் பலகையே தெரியாமல் இருக்கிறானா என்று யாராவது ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் என்ன?


நேருக்கு நேர் எழுதியது:

கண் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். தெருவிளக்கு பற்றிக் கரும்பலகை சொன்னதும் நியாயம்தான். ஆனால் வகுப்பு மோசமாக இருந்தால் வெளியே என்ன செய்தாலும் ஓட்டைப் பானைதான் என்பதில் நான் மாறவில்லை. ஏசாப்பில்கூட மூன்று ஆண்டில் முடிக்காதவர்கள் 60 சதவீதம், அதை யாரும் பேசவில்லை.


முதலாண்டுக் கணக்கு எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. நேருக்கு நேர் சார், வகுப்பு என் பொறுப்பு, அதை விட்டுவிடப் போவதில்லை. ஆனால் மணி நேரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் வீதம் இருநூறு நாள் வகுப்பு நடந்தாலும் 1,200தான், ஏழில் ஒரு பங்கு. அதிலும் என் பாடம் எவ்வளவு என்று பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மாலை வகுப்பின் பெயரை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் பட்டம் யூகித்ததற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மாற்றுகிறேன்.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது: அந்த ஒரு ஆளுக்கு எண்பது பேர், குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். குழுக் கணக்கு வகுப்பு அட்டவணைக்குள்ளேயே, எல்லாருக்கும். கட்டணம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் தேதி வரும்போது துறை அலுவலகத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவது. பயண அட்டை மாதிரி எங்களால் என்ன கொடுக்க முடியும் என்று யோசிக்கிறேன், நூலகத்தில் பாடப்புத்தகத்தை மாதம் ஒருமுறை அந்த ஆளிடம் வந்து புதுப்பித்துக்கொள்ள வைக்கலாமா? இரண்டு கேள்வி இருக்கிறது. எண்பது பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதைவிட முக்கியமாக, சேரும் நாளிலேயே சீனியர்களைப் பேச வைத்து "எங்களுக்கும் முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது" என்று சொல்ல வைத்தால் பலன் உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். செலவே இல்லாத வேலை. அதை மட்டும் செய்தால் போதாதா என்று துறைத் தலைவர் கேட்பார், எனக்கு நன்றாகத் தெரியும்.


கோப்பும் கையும் எழுதியது:

புத்தகப் புதுப்பிப்பு அருமையான யோசனை, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முடிக்காத 60 சதவீதம் பற்றி நேருக்கு நேர் சொன்னதும் உண்மை. இது மந்திரம் இல்லை.

சீனியர் பேச்சுக்கு அடிப்படை உண்டு. 2011இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு, "இங்கே நமக்கு இடமில்லை என்று ஆரம்பத்தில் எல்லாருக்கும் தோன்றும், போகப் போக மாறும்" என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்க வைத்து, அதைப் பற்றி எழுத வைத்த ஒரு சின்னப் பயிற்சி. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உயர்ந்தது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். பிறகு 22 கல்லூரிகளில் பெரிய அளவில் செய்து 2023இல் வெளியிட்டபோதுதான் விஷயம் தெளிவானது. அந்த மாணவர்கள் ஒட்டிக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது வாய்ப்பு இருந்த கல்லூரிகளில்தான் அந்தப் பேச்சு பலித்தது. "உனக்கும் இங்கே இடம் உண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார நாற்காலி போடாவிட்டால் எவன் நம்புவான்? துறைத் தலைவரிடம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், முதல் பாதியை மட்டும் சொன்னால் நீங்கள் பயப்படுகிற மாதிரிதான் ஆகும்.

எண்பது பேரை நுழைவு மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அதில் வித்தியாசம் தெரியாது என்று. வீட்டில் முதல் பட்டதாரி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர், உதவித்தொகையை நம்பியிருக்கிறவர், இவர்களை முதலில் எடுங்கள், கொஞ்சம் இடம் மிச்சம் வையுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தொடர்ந்து இரண்டு வகுப்பு வராதவர்களும், முதல் சிறு தேர்வை எழுதாமலே விட்டவர்களும் தெரிவார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியவனைவிட எழுதாமல் விட்டவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மிச்ச இடம் அவர்களுக்கு.

கூப்பிடும்போது அந்த வாரமே கூப்பிட வேண்டும், பருவ முடிவில் பட்டியல் எடுப்பது பிரேதப் பரிசோதனைதான். முதல் தடவை மெசேஜ் வேண்டாம், போனில் பேசட்டும், "ஏன் வரவில்லை" என்று தொடங்காமல் "செவ்வாய்க்கிழமை குழுவில் உன் இடம் காலியாக இருந்தது, வியாழக்கிழமை வருகிறாயா" என்று கேட்கட்டும். எடுக்காவிட்டால் குழுவில் கூட இருக்கும் பையனிடம் சொல்லி அனுப்புங்கள், பெரும்பாலும் அவனுக்குத்தான் காரணம் தெரிந்திருக்கும்.